சிங்கமீனைத் தின்றால் பவளப்பாறை பிழைக்குமா?

ஜிலேபி கெண்டை நம் ஊர் மீன் இல்லை. ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் ஏரி, குளம், அணை என்று எங்கே வலை போட்டாலும் அதுதான் ஏறுகிறது. எழுபது வருடத்துக்கு மேலாக வறுத்தும் குழம்பு வைத்தும் தின்கிறோம். ஒரு குளத்திலாவது தின்றே தீர்த்துவிட்டோம் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விலை போகிறது என்று தெரிந்ததும் இல்லாத குட்டையிலும் கொண்டுபோய் விட்டதுதான் நடந்தது.

கரீபியன் கடலில் சிங்கமீன் படுத்தும் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜிலேபி கெண்டைதான் ஞாபகம் வருகிறது. அங்கே பதினைந்து வருடமாக ஒரே பேச்சு: "இந்த மீனைத் தின்னுங்கள், பவளப்பாறையைக் காப்பாற்றுங்கள்." கேட்க நன்றாக இருக்கிறது. தின்பதே சேவை என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் அதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. எதில் காசைப் போட்டால் பாறைக்கு உண்மையிலேயே நல்லது என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிடலாம்.

முதலில் மீனைப் பற்றி. லயன்ஃபிஷ் என்பார்கள். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக வரி, விசிறி மாதிரி விரிந்த துடுப்பு, முதுகில் நெட்டு நெட்டாக முள். இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும்தான் பூர்வீகம். நம் மன்னார் வளைகுடாவிலும் இந்தக் குடும்பத்து மீன்கள் உண்டு. இங்கே அது ஊரோடு ஒத்துப்போன மீன். அட்லாண்டிக்கில் அது இருக்கவே கூடாது. அங்கே முதலில் கண்ணில் பட்டது 1985-இல், ஃபுளோரிடாவின் டேனியா கடற்கரைக்கு அருகில். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஒரு மீன்தொட்டியை உடைத்தது, அதிலிருந்து ஆறு மீன் தப்பியது, அதுதான் ஆரம்பம் என்று ஒரு கதை நெடுங்காலம் சுற்றியது. புயலுக்கு ஏழு வருடம் முன்னாலேயே மீன் கடலில் இருந்திருக்கிறது, அதனால் கதை நிற்காது. வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள், அது கூட இருந்த மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டது என்று கொண்டுபோய்க் கடலில் விட்டிருப்பார்கள் என்பதுதான் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் விளக்கம். நம் ஊர்க் குளங்களில் டேங்க் கிளீனர் மீன் பெருகிய அதே வழி.

2004-இல் பஹாமாஸ், 2007-இல் கியூபா, 2009-இல் ஃபுளோரிடா கீஸ் தீவுகள், 2010-இல் மெக்சிகோ வளைகுடா, 2014-இல் பிரேசில் என்று பரவியது. ஒரு பெண் மீன் சில நாளுக்கு ஒருமுறை முட்டையிடும், வருடத்துக்கு இருபது லட்சம் வரை. முட்டைகள் கூழ்போன்ற உருண்டையாக மிதந்து நீரோட்டத்தோடு நாடு நாடாகப் போகும். ஒரு வயது ஆவதற்குள் குஞ்சும் முட்டையிடத் தயார்.

பவளத்தை அது கடிப்பதில்லை. அது தின்பது பாறையைச் சுற்றி வாழும் சின்ன மீன்களை. அரை மணி நேரத்தில் இருபது சிறு மீன்களை விழுங்கிய ஒன்றை பஹாமாஸில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கேயே நடந்த ஒரு சோதனையில், சிங்கமீன் இருந்த சிறு பாறைகளில் புதிதாக வந்து சேரும் குஞ்சுகள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்தன. நியூ பிராவிடன்ஸ் தீவுக்கு அருகே இரண்டு வருடத்தில் இரை மீன்களின் மொத்த எடை 65 சதவீதம் போயிற்று. இந்த இரையில் கிளி மீன் குஞ்சும் அடக்கம். கிளி மீன்தான் பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பவளத்துக்கு இடம் விடுகிறது. அது குறைந்தால் பாசி ஏறும், பவளம் மூச்சுத் திணறும். சிங்கமீனுக்கும் பவளத்துக்கும் உள்ள கணக்கு இதுதான். நேரடிக் கணக்கு இல்லை, ஒரு கை தள்ளிய கணக்கு.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஃபுளோரிடா பவளத்தைப் பெரிதும் கொன்றது சிங்கமீன் இல்லை. 2014 முதல் பரவும் பவளத் திசு நோயும், 2023 கோடையில் கடல் கொதித்ததும் செய்த சேதத்துக்கு முன்னால் இது சின்ன எதிரி. சின்ன எதிரியை ஏன் துரத்த வேண்டும் என்றால், கடல்நீரின் சூட்டை ஒரு தீவின் மீனவர் சங்கத்தால் குறைக்க முடியாது, இந்த மீனைக் குறைக்க முடியும். வேறு காரணம் எதுவும் தேவையில்லை.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். கரீபியனில் ஒரு கடற்கரை ஊர். ஊரை ஒட்டிப் பவளப்பாறை. இரண்டு மூன்று படகு, முக்குளிக்கத் தெரிந்த இருபது பேர், கையில் அளவான பணம். எந்த வழியில் இறங்குவது?

சும்மா இருந்து பார்ப்பது

சோம்பேறி யோசனை மாதிரித் தெரிந்தாலும் இதற்கும் ஒரு ஆதாரம் காட்டுவார்கள். 2017-இல் மெக்சிகோ வளைகுடாவின் வடக்கில் சிங்கமீன்களின் தோலில் புண் வர ஆரம்பித்தது. அதற்கடுத்த காலத்தில் அங்கே அவற்றின் அடர்த்தி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல இது போதுமா? புண் எப்போது வரும், எந்தப் பாறைக்கு வரும் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. அதை நம்பித் திட்டம் போடுவது, மழை பெய்யும் என்று நம்பிக் கிணறு வெட்டாமல் இருப்பது போல. விட்டுத் தள்ளலாம்.

களவாவையும் சுறாவையும் நம்புவது

இது நேர்த்தியான யோசனை. பெரிய மீன்களைப் பிடிக்காமல் விட்டால் அவை சிங்கமீனைத் தின்னும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். பஹாமாஸில் எக்சூமா தீவுகளில் 1958-இல் அமைந்த பூங்கா ஒன்று இருக்கிறது, 1986 முதல் அங்கே மீன்பிடிக்கவே கூடாது. களவா கொழுத்துக் கிடக்கும் இடம். அங்கே சிங்கமீனின் மொத்த எடை மற்ற பாறைகளில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான் என்று 2011-இல் ஒரு ஆய்வு வந்தது. எல்லாரும் துள்ளினார்கள். இரண்டு வருடம் கழித்து கரீபியன் முழுக்க 71 பாறைகளை எண்ணிப் பார்த்த இன்னொரு ஆய்வு, வேட்டை மீன் அதிகமோ குறைவோ, சிங்கமீனின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை என்றது.

நடுவில் சிலர் சுறாவுக்குப் பாடம் எடுக்கப் பார்த்தார்கள். ஹோண்டுராஸின் ரோவாட்டான் தீவில் முக்குளிப்பவர்கள் சிங்கமீனை ஈட்டியால் குத்திச் சுறாவுக்கு நீட்டினார்கள். அதுவும் தின்றது. கடைசியில் சுறா கற்றுக்கொண்டது என்ன? ஈட்டியோடு ஒரு மனிதர் வந்தால் சாப்பாடு வருகிறது என்பதைத்தான். சிங்கமீனைத் தேடிப் போகவில்லை, ஆட்களைத் தேடி வந்தது. கேமன் தீவுகளிலும் களவாவும் நர்ஸ் சுறாவும் இப்படியே பின்னால் சுற்ற ஆரம்பித்தன. ஊட்டி வளர்த்த பிள்ளை மாதிரி.

களவாவைக் காப்பாற்ற வேறு நூறு காரணம் உண்டு. குறிப்பாக நாசாவ் களவா அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதற்காகக் காப்பாற்றுங்கள், சிங்கமீனை அடக்கும் என்பதற்காக வேண்டாம்.

போட்டி வைத்துப் பிடிப்பது

ஃபுளோரிடாவின் கீ லார்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரீஃப் என்ற அமைப்பு 2009 முதல் சிங்கமீன் வேட்டைப் போட்டி நடத்துகிறது. காலையில் படகுகள் கிளம்பும், மாலையில் மீனை எண்ணுவார்கள், அதிகம் பிடித்தவருக்கும் பெரியதைப் பிடித்தவருக்கும் சின்னதைப் பிடித்தவருக்கும் பரிசு. சின்னதற்கும் பரிசு வைத்தது யாரோ புத்திசாலி. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். 2019-இல் டெஸ்டின் நகரத்தில் நடந்த பெரிய போட்டியில் இரண்டே நாளில் 14,119 மீன். அதற்கு முந்தைய சில மாத முன்போட்டியையும் சேர்த்தால் 19,167.

ஊருக்கு இதில் செலவு குறைவு. டீசல், காற்று சிலிண்டர், நேரம் எல்லாம் பங்கெடுப்பவர் பாடு. பரிசுப் பணத்தை உள்ளூர்க் கடைகளே கொடுத்துவிடும். பலனும் சும்மா இல்லை: ஒரே நாள் போட்டியால் சுற்றியுள்ள 192 சதுர கிலோமீட்டர் பரப்பில் சிங்கமீன் அடர்த்தி சராசரியாக 52 சதவீதம் குறைந்ததாக அளந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் ஒரு நாள் கூத்துதான். ஆழத்தில் தப்பியவை மேலே வரும், நீரோட்டம் புதுக் குஞ்சைக் கொண்டுவந்து இறக்கும். வருடத்துக்கு ஒரு தடவை முடி வெட்டிக்கொள்வது போல: அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும்.

தின்பது

இனி, எல்லாரும் பேசும் வழி. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இதில்தான் உண்மையும் ஆசையும் கலந்து கிடக்கின்றன.

மீன் நல்ல மீன். வெள்ளைச் சதை, வாடை குறைவு, நெய் அதிகம் இல்லாமல் உதிரும். முள் நஞ்சைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்குத் தமிழர்கள் சொல்லிக் கொடுக்கலாம். கெளுத்தி முள் குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும், அதற்காகக் கெளுத்திக் குழம்பை விட்டோமா? சிங்கமீனுக்கு நஞ்சு முள் பதினெட்டு: முதுகில் 13, வயிற்றுப் பக்கம் 2, வாலுக்கு முன்னால் அடியில் 3. கத்தரியால் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டால் மிச்சம் சாதாரண மீன். நஞ்சு முள்ளில்தான், சதையில் இல்லை. அது புரதம் என்பதால் சூட்டில் கெட்டுப்போகும். குத்துப்பட்டவர் கையைப் பொறுக்கும் அளவு வெந்நீரில் வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

வேறு ஒரு நஞ்சு இருக்கிறது, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிகுவட்டேரா என்பது சில வெப்பக் கடல் பாறைகளில் பாசியோடு வாழும் நுண்ணுயிரிடமிருந்து தொடங்கி, சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேரும் நஞ்சு. சமைத்தாலும் போகாது. வர்ஜின் தீவுகள் போன்ற சிகுவட்டேரா இடங்களில் பிடித்த சில சிங்கமீன்களிலும் அது அளவுக்கு மேல் இருந்தது. களவா, சங்கரா வகைகளுக்கும் இதே அபாயம் உண்டு. எந்தப் பாறை மீன் என்று கேட்டு வாங்குவது அங்கே பழக்கம், சிங்கமீனுக்கும் அதே பழக்கம் போதும்.

ஆக, தின்ன முடியும். விற்கவும் முடியும். அமெரிக்க மளிகைக்கடைத் தொடரான ஹோல் ஃபுட்ஸ் 2016-இல் ஃபுளோரிடாக் கடைகளில் விற்க ஆரம்பித்தது. கொலம்பியாவில் அரசு பாதிரியார்களிடம் போய், தவக்காலத்தில் எப்படியும் மீன்தானே சாப்பிடுவார்கள், சிங்கமீனைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று கேட்க, அவர்களும் பிரசங்கத்தில் சொன்னார்கள். எனக்கு மிகப் பிடித்த பிரசாரம் அதுதான். விளம்பரப் பலகை சொல்லிக் கேட்காதவர்கள் கோயில் சொன்னால் கேட்பார்கள் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

சந்தையில் இடிப்பது இரண்டு இடத்தில்.

முதலாவது, பிடிக்கும் செலவு. சிங்கமீன் தூண்டிலில் அபூர்வமாகத்தான் மாட்டும். பவளத்தின் மேல் வலை இழுக்க முடியாது. ஆள் முங்கி, ஈட்டியால் ஒவ்வொன்றாகக் குத்தி, முள் கையில் படாமல் பிவிசி குழாய்க்குள் தள்ளி மேலே கொண்டுவர வேண்டும். ஒரு மீனுக்கு ஒரு குத்து. அதில் சதை தேறுவது எடையில் மூன்றில் ஒரு பங்கு. அதனால்தான் கடையில் அது மலிவு மீனாக ஆகவே இல்லை. சாப்பாட்டுக்கடைக்காரர் "வாரம் இருபது கிலோ தவறாமல் வருமா?" என்பார். காற்று அடித்தால் படகு போகாது, மீன் வராது. இரண்டு வாரம் வராவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்.

இரண்டாவதுதான் முக்கியம், அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. சந்தைக்கு வேண்டியது பெரிய மீன், ஒரே இடத்தில் நிறைய. பாறைக்கு வேண்டியது நேர் எதிர்: சின்னது பெரியது பாராமல் எடுக்க வேண்டும், கடைசி நாலைந்தையும் தேடிப் போய் எடுக்க வேண்டும். ஒரு பாறையில் நூறு மீன் இருக்கும்போது மீனவர் சந்தோஷமாக முங்குவார். இருபதாகக் குறைந்ததும் டீசலுக்குக் கட்டாது, அடுத்த பாறைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிழைப்பு. ஆனால் அந்த இருபதையும் ஐந்தாக்கினால்தான் கிளி மீன் குஞ்சு பிழைக்கும். அதாவது பாறை மூச்சு விடத் தொடங்க வேண்டிய அதே இடத்தில் சந்தை கையைக் கழுவிவிடுகிறது. சின்ன மீனுக்குப் பரிசு வைத்தவரைப் புத்திசாலி என்றேனே, அது இதற்காகத்தான். விலை போகாத மீனையும் ஒருவர் எடுக்க ஏதாவது காரணம் வேண்டும்.

தின்று ஒழிப்பது என்ற பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். வளர்ந்த சிங்கமீன்களில் 27 சதவீதத்தை மாதாமாதம் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் மொத்த எண்ணிக்கை சரியும் என்று ஒரு கணக்கு போட்டார்கள். அதுவும் கண்ணுக்கு எட்டும் மீனில் இல்லை, மொத்த மீனில். முந்நூறு மீட்டர் ஆழத்தில்கூட நீர்மூழ்கியிலிருந்து சிங்கமீனைப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கூபா போட்டு இறங்குபவர் நாற்பது மீட்டரோடு திரும்ப வேண்டும். எந்தப் பசியும் அவ்வளவு ஆழம் எட்டாது.

அப்புறம் ஜிலேபி கெண்டை ஆபத்து. ஏற்றுமதித் தொழிற்சாலை கட்டி, ஐம்பது பேருக்கு வேலை கொடுத்து, வங்கிக் கடன் வாங்கியபின், மீன் உண்மையிலேயே குறைந்தால் என்ன ஆகும்? "கொஞ்சம் வளர விடலாமே" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வஞ்சகம் இல்லை, கடன் தவணை. மெக்சிகோ வளைகுடாவில் புண் நோயால் மீன் சரிந்தபோது கவலைப்பட்டவர்களில் அதைப் பிடித்து விற்றவர்களும் இருந்திருப்பார்கள். பாறைக்கு நல்ல செய்தி, அவர்களுக்குக் கெட்ட செய்தி. இந்த இரண்டும் எதிரெதிராகப் போகும் அளவுக்குச் சந்தையை வளர்க்கக் கூடாது.

பாறையைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து களைவது

களை எடுப்பதைப் பற்றி விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் உள்ள கோரையையெல்லாம் ஒழிக்க யாரும் கிளம்புவதில்லை. தன் வயலில் பயிரை மீறாமல் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். சிங்கமீனுக்கும் அதுவே போதும் என்று காட்டியது பஹாமாஸின் எலூத்தெரா தீவுக்கருகே 24 சிறு பாறைகளில் பதினெட்டு மாதம் நடந்த சோதனை. ஒரு பாறையில் எத்தனை சிங்கமீன் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் சிறு மீன் சரியும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். பிறகு சில பாறைகளில் அந்த அளவுக்குக் கீழே வைத்திருந்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். கீழே வைத்த பாறைகளில் உள்ளூர்ச் சிறு மீன்களின் எடை 50 முதல் 70 சதவீதம் வரை ஏறியது. விட்ட பாறைகளில் மேலும் விழுந்தது.

முழுதாக ஒழிக்க வேண்டாம், அளவுக்குள் வைத்தால் போதும் என்பது கேட்க எளிது. பாறையைப் பொறுத்து அந்த அளவுக்கு வர முக்கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். மீனும் சும்மா இருப்பதில்லை. அடிக்கடி ஈட்டி வரும் பாறைகளில் சிங்கமீன் பகலில் பொந்துக்குள் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்கிறது என்று அதே பக்கத்தில் கண்டிருக்கிறார்கள். குறி தவறித் தப்பிய மீன் அடுத்த தடவை கண்ணிலேயே படாது. அதனால் இது ஆர்வக்கோளாறில் வரும் சுற்றுலாப் பயணியின் வேலை இல்லை, கை தேர்ந்தவர் வேலை. கை தேர்ந்தவருக்குக் கூலி வேண்டும். இந்த வழியின் ஒரே குறை அதுதான்: வேலை செய்கிறது, ஆனால் காசு தின்கிறது.

கூடும் இயந்திரமும்

ஆழத்துக்கு ஆள் போக முடியாதே என்று இரண்டு ஏற்பாடு. அமெரிக்கக் கடல் ஆய்வுத் துறையான நோவாவின் ஸ்டீவ் கிட்டிங்ஸ் வடிவமைத்த கூடு, புத்தகத்தைத் திறந்து வைத்தது போலத் தரையில் விரிந்து கிடக்கும். இரை எதுவும் இல்லை, நடுவில் ஒரு தட்டி மட்டும் நிற்கும். சிங்கமீனுக்கு வெட்ட வெளியில் எதையாவது ஒட்டி நிற்கும் குணம், அதனால் தட்டியைச் சுற்றிக் கூடும். மேலே இழுக்கும்போது இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். கயிறு அறுந்து தொலைந்தாலும் திறந்தே கிடக்கும் என்பதால் வீணாக மீன் சாகாது. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். இன்னொன்று, தானே ஓடித் தரையைச் சுத்தம் செய்யும் ரூம்பாவைச் செய்த ஐரோபாட் நிறுவனத்தின் காலின் ஆங்கிள் தொடங்கி 2017-இல் பெர்முடாவில் காட்டிய இயந்திரம்: மின்சாரத்தால் மயங்க வைத்துக் குழாயால் உறிஞ்சும். பார்க்கப் பிரமாதம். நம் ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கு ஆகாது.

எதில் போடுவது?

நான் அந்தச் சங்கத்தில் உட்கார்ந்திருந்தால் பணத்தின் பெரும்பங்கைத் தேர்ந்தெடுத்த பாறைகளில் களை எடுப்பதில்தான் போடுவேன். எல்லாப் பாறையும் வேண்டாம். கிளி மீன் குஞ்சு நிறைய வளரும் பாறை, சுற்றுலாப் படகு போகும் பாறை, இன்னும் பவளம் உயிரோடு இருக்கும் பாறை என்று ஆறேழு. அதற்கு மேல் எடுத்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

தின்பது அந்த வேலைக்குக் கூலி கொடுக்கும் வழி. அதை முதன்மை வழி ஆக்கக் கூடாது, ஒதுக்கவும் கூடாது. பிடித்த மீன் முக்குளித்தவருக்கே சொந்தம், விற்றுக்கொள்ளட்டும். அதற்கு மேல் மாதச் சம்பளம் ஒன்று. அதை மீனை எண்ணியோ எடை போட்டோ கொடுக்கக் கூடாது, பாறையை எண்ணிக் கொடுக்க வேண்டும்: உன் பாறையில் மாதக் கடைசியில் இத்தனைக்குக் கீழே இருந்தால் முழுச் சம்பளம். 1902-இல் ஹனோயில் பிரெஞ்சு அரசு எலி வாலுக்குக் காசு கொடுத்தது. வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை ஓட விட்டார்கள், குட்டி போடட்டும் என்று. சிலர் எலியை வளர்க்கவே ஆரம்பித்தார்கள். வாலுக்குக் காசு கொடுத்தால் வால்தான் வரும்.

பெலீஸில் இந்தக் கலவைக்கு ஏற்ற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். தூத்துக்குடி சங்கு குளிப்பவர்கள் மாதிரி, மூச்சைப் பிடித்து முங்கிச் சங்கும் சிங்கி இறாலும் எடுப்பவர்கள். சிங்கி இறாலுக்குத் தடைக்காலம் வரும்போது அவர்களுக்கு வருமானம் இல்லாத மாதங்கள் வரும். சிங்கமீனுக்குத் தடைக்காலம் கிடையாது. அந்த மாதங்களில் அதைப் பிடித்தால் இடைவெளி நிரம்பும், ஆனால் வருடம் முழுவதும் அதையே நம்பிப் பிழைப்பு ஓடாது, அதனால் மீன் குறைந்தாலும் யாரும் அழமாட்டார்கள். எனக்குத் தெரிந்து சந்தைக்கும் பாறைக்கும் சண்டை வராத ஏற்பாடு இதுதான். அங்கே பெண்கள் குழு ஒன்று சிங்கமீனின் துடுப்பையும் வாலையும் முள்ளையும் காயவைத்துக் காதணியும் பதக்கமும் செய்து விற்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குதான் சதை தேறும் என்றேனே, மீதியிலும் காசு வரும்.

போட்டியை வருடத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். அதன் வேலை பாறையைச் சுத்தம் செய்வது இல்லை, ஊர்க்காரருக்கும் சமையல்காரருக்கும் மீனைச் சுவை பார்க்கக் கொடுப்பது. பணம் மிச்சம் இருந்தால் ஆழமான பக்கத்தில் நாலு கூடு. ஏற்றுமதிக்கு மட்டும் ஒருவர் வந்து, தொழிற்சாலை கட்டித் தருகிறேன், வருடத்துக்கு இத்தனை டன் தருவேன் என்று எழுதிக் கொடுங்கள் என்றால், டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மயாமிக்கோ பெலீஸுக்கோ பஹாமாஸுக்கோ போகிறவர்கள் பட்டியலில் சிங்கமீனையும் களவாவையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், யோசிக்காமல் சிங்கமீனைச் சொல்லலாம். ஒரு சிங்கமீன் குறைந்ததை விட, ஒரு களவா கடலில் தங்கியதுதான் பெரிய லாபம். எந்தப் பாறையில் பிடித்தது என்று கேளுங்கள். பக்கத்துப் பாறை என்றால் நல்லது, உறைய வைத்து வேறு நாட்டிலிருந்து வந்தது என்றால் ருசிக்காகச் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

ராமேஸ்வரம் பக்கம் யாராவது வலையில் ஒரு சிங்கமீன் ஏறினால் கதை வேறு. அங்கே அது வந்தேறி இல்லை, வீட்டுக்காரர். முள்ளைப் பார்த்து, உயிரோடு இருந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.